உஷார்! ‘கிளிக்’ சத்தத்தை நம்பி ஃபிலிம் கேமரா வாங்காதீங்க

மார்கழித் திருவிழாவுக்குச் சுசீந்திரம் ரத வீதியில் ஃபிலிம் கேமராவோடு நிற்கத் திட்டம் போட்டிருக்கிறீர்களா? அப்பா காலத்துப் பென்டாக்ஸைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டதா? இல்லை, இன்ஸ்டாகிராமில் பார்த்த நிக்கானுக்கு இன்று ராத்திரியே ஜிபேயில் பணம் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை பணமும் போக வேண்டாம், ரோலும் உள்ளே போக வேண்டாம்.

டிஜிட்டல் கேமராவில் தப்பு நடந்தால் அந்த நொடியே திரையில் தெரிந்துவிடும். ஃபிலிம் கேமராவில் தெரியாது. ஷட்டர் முழுசாகத் திறக்காமல் இருக்கலாம், உள்ளே வெளிச்சம் கசியலாம், ரோல் நகராமலே கிடக்கலாம். எது நடந்தாலும் ‘கிளிக்’ சத்தம் மட்டும் அழகாக வந்துகொண்டிருக்கும். ரோலைக் கழுவி வாங்கும் நாளில்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் தேர் நிலைக்கு வந்திருக்கும், கொடி இறங்கியிருக்கும். அடுத்த தேரோட்டத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

செலவும் லேசுப்பட்டதல்ல. ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து முடிப்பதற்குள் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. 36 படம் என்றால் ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 30 ரூபாய். பழுதுள்ள கேமராவில் அந்தப் பணம் தண்ணீராகக் கரையும்.

லென்ஸுக்குள் குடியிருக்கும் பூஞ்சை

முதல் ஆபத்து நம்ம ஊர்க் காற்றிலேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. சுசீந்திரத்தைச் சுற்றிப் பழையாறு, தேரூர் குளம், வயல், கொஞ்சம் தள்ளி மணக்குடிக் காயல். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. பறவைக்கு நல்லதாக இருக்கும் அதே ஈரம் லென்ஸுக்கு எமன்.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நின்று, இருட்டும் காற்றோட்டமில்லாத இடமும் கிடைத்தால் போதும். லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிக்கும். தூசியையும் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசையையும் தின்று, சிலந்தி வலை போல இழை விட்டுப் படரும். அது கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கும். ஆரம்பத்திலேயே பிரித்துத் துடைத்தால் தப்பிக்கலாம். அரித்த பிறகு துடைத்தால் பூஞ்சை போகும், தடம் போகாது. அந்த லென்ஸில் எடுத்த படம் மங்கலாக, பால் ஊற்றினாற்போல வெளுத்திருக்கும். விளக்கை நோக்கி எடுத்தால் இன்னும் மோசம்.

நம்மில் பலர் கேமராவைப் பத்திரப்படுத்துவதாக நினைத்துத் தோல் உறையில் போட்டு, பட்டுப்புடவை இருக்கிற பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கைப் பதம் பார்க்கும். அரிசிப் பானையில் புதைப்பதும் வேண்டாம்; மாவுத் தூசிதான் உள்ளே போகும்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஆகிய மூன்றும் போதும். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கட்டும். ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸில் நீர் பூக்கும். முதலில் ஜிப் கவரில் போட்டு வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். முட்டம், மணக்குடி பக்கம் கடற்காற்றில் எடுத்துவிட்டு வந்தால் அன்றே உப்புப் படலத்தைத் துடைத்துவிட வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் பத்து நிமிடம்

“மக்கா, ஷட்டர் சத்தத்தைக் கேட்டுப் பாருடே, புதுசு கணக்கா இருக்கு” என்று விற்பவர் சொன்னால், “சத்தம் இருக்கட்டும் அண்ணாச்சி, பின்மூடியைத் திறங்க” என்று சொல்லுங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்.

ஷட்டர்: ரோல் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். 1/1000-ல் வைத்து அழுத்தினால் கட்டம் முழுக்க வெளிச்சம் மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருண்டிருந்தால் திரை இழுத்துப் பிடிக்கிறது. அடுத்து 1 நொடியில் வையுங்கள். எண்ணெய் வற்றிய கேமரா இங்கேதான் மாட்டும், ‘ஸ்ஸ்...’ என்று இழுத்து நடுவில் நின்றுவிடும். பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றில் துணித் திரை. அதில் ஊசி முனை ஓட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரலால் மட்டும் தொடக் கூடாது. லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியையும் துடைக்கக் கூடாது. அதன் பூச்சு முன்பக்கமே இருக்கிறது, துணி பட்டால் கீறிவிடும்.

லென்ஸ்: அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். இழை, புகை மூட்டம், விளிம்பில் வானவில் நிறம் எது தெரிந்தாலும் விலை பேச வேண்டாம். அப்பர்ச்சர் இலைகளில் எண்ணெய் மினுங்கினால் அவை சட்டென்று மூடாது, படம் வெளுக்கும்.

ஸ்பாஞ்ச்: பின்மூடி ஓரங்களிலும் கண்ணாடிக்கு மேலும் கறுப்பு ஸ்பாஞ்ச் பட்டை இருக்கும். பத்திருபது வருஷத்தில் அது தார் போலக் குழைந்துவிடும். பல் குத்தும் குச்சியால் தொட்டு, ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் வெளிச்சம் கசியும். படத்தில் ஆரஞ்சு கோடு விழும். இதை மாற்றுவது சுலபம். ஆனால் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

‘எல்லா லென்ஸும் சேரும்’ என்பது பச்சைப் பொய்

நிக்கான் எஃப் மவுண்ட் 1959-ல் வந்தது. பென்டாக்ஸ் கே மவுண்ட் 1975-ல் வந்தது. அதற்கு முன் திருகு போட்டு மாட்டும் எம்42. கேனான் எஃப்டி லென்ஸ் 1987 முதல் வந்த ஈஓஎஸ் பாடியில் நேரடியாக ஏறாது. மாட்டும் வளையமே வேறு.

சோவியத் ஜெனிட்டோடு வந்த ஹீலியோஸ் 58 எம்எம் லென்ஸுக்கு இப்போது கிராக்கி. “அடாப்டர் போட்டு நிக்கானில் மாட்டிக்கலாம்” என்று விற்பார்கள். மாட்டலாம்தான். ஆனால் நிக்கான் பாடியில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 46.5 மில்லிமீட்டர், எம்42 லென்ஸ் கேட்பது 45.46. இந்த ஒரு மில்லிமீட்டரில் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது. சுசீந்திரம் தெப்பக்குளக் கரையில் நின்று கோயிலின் 134 அடி ராஜகோபுரத்தை எடுத்தால் கலங்கலாகத்தான் விழும். நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் ஃபோகஸைக் கொண்டுவரும், தரத்தைக் கெடுக்கும்.

இன்னொன்று பாடியையே உடைக்கும். 1977-க்கு முந்தைய, மாற்றியமைக்கப்படாத நிக்கான் லென்ஸை எஃப்எம்2-ல் வற்புறுத்தித் திருகினால் வளையத்தில் உள்ள சின்ன நாக்கு முறிந்துவிடும். இறுக்கமாக இருந்தால் பலம் காட்டாதீர்கள்.

பேட்டரி இல்லாமலே ஓடுமா?

மேனுவல் கேமரா என்றாலே பேட்டரி வேண்டாம் என்று நம்பி வாங்குகிறவர்கள் அதிகம். 1976 முதல் 1997 வரை வந்த பென்டாக்ஸ் கே1000, 1982-ல் வந்த நிக்கான் எஃப்எம்2, யாஷிகா எஃப்எக்ஸ்-3 ஆகியவற்றில் லைட் மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி. செத்தாலும் ஷட்டர் ஓடும். கேனான் ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700 அப்படியல்ல. பேட்டரி போனால் கேமரா வெறும் எடைக்கல்.

ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. அது இப்போது சந்தையில் இல்லை. 1.5 வோல்ட் அல்கலைன் பட்டனைப் போட்டால் முள் ஆடும், ஆனால் பொய் சொல்லும். ஜெனிட்-ஈ பேட்டரியே கேட்காத செலினியம் மீட்டரைக் கொண்டது. செலினியம் வயதாகிக் களைத்திருக்கலாம். எந்தப் பழைய மீட்டரையும் செல்போன் லைட் மீட்டர் ஆப்போடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம்.

பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் கசிந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பட்டன் பேட்டரியை மேசையில் விட்டுவைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம் என்று நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெட்டியில் பழைய ஃப்ளாஷும் கிடந்தால் அதை ஸ்க்ரூ டிரைவரால் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட் வரை தேக்கி வைத்துத் தூக்கி அடிக்கும். சில பழைய ஃப்ளாஷ்கள் கேமராவுக்குள்ளும் அதிக வோல்ட்டை அனுப்பும். மெக்கானிக்கல் பாடி தாங்கும். ஆசைக்கு உங்கள் டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் அதன் போர்டு போய்விடும். ஃப்ளாஷோடு எடுக்கும்போது கே1000-ஐ 1/60-க்கு மேல் வைத்தால் பாதிப் படம் கறுப்பு.

பயப்பட வேண்டாத ஒன்றையும் சொல்லிவிடலாம். அசாஹி பென்டாக்ஸின் டாக்குமார் 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ்களில் பலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது, லேசான கதிர்வீச்சு உண்டு. நம்ம மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் மோனசைட்டிலும் இதே தோரியம்தான். மாட்டிப் படம் எடுப்பதால் ஆபத்தில்லை. லென்ஸை உடைத்துத் தேய்க்காமல் இருந்தால் சரி.

ரோலிலும் ஏமாற்றம் உண்டு

ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1967 முதல் ‘இந்து’ பெயரில் கறுப்பு-வெள்ளை ரோல் தயாரித்தது. தூசியில்லாத காற்றும் குளிரும் ஃபிலிமுக்கு வேண்டும் என்றுதான் தொழிற்சாலையை மலையில் வைத்தார்கள். அந்த ஆலை மூடிவிட்டது. மலைக் குளிரில் பிறந்த ரோல் நம்ம ஊர் ஓட்டுவீட்டுப் பரணில் முப்பது வருஷம் வெந்தால் என்ன மிச்சமிருக்கும்? பழைய ரோல் கிடைத்தால் விளையாட்டுக்கு எடுங்கள். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ எடுக்காதீர்கள்.

கோடாக்ரோம் ரோல் யாராவது விற்றால் வாங்கவே வேண்டாம். அதைக் கழுவும் முறையை உலகின் கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸில், 2010 கடைசியோடு நிறுத்திவிட்டது. கறுப்பு-வெள்ளையாக வேண்டுமானால் சிலர் கழுவித் தருவார்கள். கலர் வரவே வராது.

‘சினிமா ஃபிலிம்’ என்று மலிவாக விற்கும் ரோலில் இன்னொரு கண்ணி. கோடாக் விஷன்3 போன்ற சினிமாச் சுருளை வெட்டி டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். பலவற்றின் முதுகில் ரெம்ஜெட் என்ற கறுப்புப் படலம் இருக்கும். சாதாரண கலர் ரோலைக் கழுவும் சி-41 இயந்திரத்தில் அது போனால் ரசாயனத்தையே கெடுத்து, மற்றவர் ரோலையும் பாழாக்கும். லேப்காரரிடம் மறைத்துக் கொடுப்பது பெரிய பாவம். வாங்கும்போதே ‘ரெம்ஜெட் நீக்கியதா, எந்த முறையில் கழுவணும்?’ என்று கேட்டுவிடுங்கள்.

ரோல் வாங்கும் முன்பே கழுவ ஆளைப் பிடியுங்கள். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த மினிலேப் இன்று அரிது. சென்னை, பெங்களூரு, மும்பை என்று கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கும். அனுப்பும்போது ‘நெகட்டிவ் திருப்பி வேண்டும்’ என்று எழுதியே கொடுங்கள். ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடும் இடங்களும் உண்டு.

விமானத்தில் போனால் ரோலைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. திருவனந்தபுரமோ வேறு எந்த விமான நிலையமோ, கையில் வைத்திருக்கும் ரோலையும் சிடி ஸ்கேனருக்குள் விடாமல் கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். புது வகை சிடி ஸ்கேனரில் ஒரு முறை போனாலே படம் புகைந்துவிடும்.

உள்ளே ரோல் ஓடுகிறதா?

புதிதாக எடுப்பவர்களின் படத்தைக் கொல்வது பெரும்பாலும் ரோல் மாட்டும் முறைதான். நாக்கு சுருளில் பிடிக்காவிட்டால் ரோல் நகராது. கவுன்ட்டர் மட்டும் நகரும். ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் இடப்பக்கம் உள்ள ரீவைண்ட் குமிழ் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் ஒரு படமும் விழவில்லை. கவுன்ட்டர் 36-ஐத் தாண்டி 40-க்குப் போனாலும் அதே கதைதான்.

ரோல் முடிந்ததும் அடியில் இருக்கும் பட்டனை அழுத்தாமல் ரீவைண்ட் செய்யாதீர்கள், ஃபிலிம் கிழியும். ரீவைண்ட் முடியாமல் பின்மூடியைத் திறந்தால் வெளிச்சம் பட்டு மொத்தமும் காலி. கூட்டத்தில் ‘இதை எப்படிண்ணே திறக்குறது?’ என்று யாராவது தொட வந்தால் கையைத் தட்டிவிடுங்கள்.

ஐஎஸ்ஓ எண்ணையும் சரிபாருங்கள். 200 ரோலை மாட்டிவிட்டுப் போன ரோலின் 400-லேயே விட்டால் ரோல் முழுக்க ஒரு ஸ்டாப் வெளிச்சம் குறைவு. கோபுரத்துக்குப் பின்னால் வெளுத்த வானம் இருந்தால் மீட்டர் வானத்தைப் பார்த்து ஏமாந்து, கோபுரத்தை இருட்டாக்கும். அருகில் போய்க் கல் மண்டபத்தில் அளந்துவிட்டு வாருங்கள்.

கண் போனால் திரும்பாது

இந்தப் பகுதிக்காகவே கட்டுரை முழுவதையும் எழுதலாம். கன்னியாகுமரியில் சூரிய உதயம், அஸ்தமனம் எடுக்கத்தான் பலரும் கேமரா வாங்குகிறார்கள். எஸ்எல்ஆரில் நீங்கள் பார்ப்பது திரையல்ல. லென்ஸ் வழியே வரும் நிஜ வெளிச்சம். 200 எம்எம் லென்ஸ் மாட்டி, எழும்பிவிட்ட சூரியனை வியூஃபைண்டரில் உற்றுப் பார்த்தால் விழித்திரை கருகும். அங்கே வலி நரம்பு இல்லாததால் எரியும்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து, பார்வையின் நடுவில் கறுப்புப் புள்ளி நிற்கும்.

சூரியன் கடலில் சிவப்பாக எட்டிப் பார்க்கும் சில நிமிடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போதும் உற்றுப் பார்க்காமல் ஃபிரேம் வைத்ததும் கண்ணை எடுத்துவிடுங்கள். சித்ரா பௌர்ணமி அன்று ஒரு பக்கம் அஸ்தமனம், மறுபக்கம் நிலா எழுவது என்று கூட்டம் அலைமோதும். அன்று பிள்ளைகள் கையில் டெலி லென்ஸ் கேமராவைக் கொடுத்து ‘சூரியனைப் பாரு’ என்று சொல்லவே கூடாது. கூலிங் கிளாஸ் பாதுகாப்பல்ல. லென்ஸுக்கு முன்னால் மாட்டும் சூரிய ஃபில்டர் மட்டுமே பாதுகாப்பு.

கோயிலுக்குள் ‘டிலீட்’ கிடையாது

சுசீந்திரம் கோயிலில் தாணுமாலயன் சன்னிதி, இசைத் தூண்கள், பெரிய அனுமன் என்று ஆசை இழுக்கும். உள்ளே படம் எடுக்கத் தடை. கோயில்களுக்குள் செல்போனையே தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. மாட்டினால் செல்போனில் ஒரு படத்தை அழித்துத் தப்பிக்கலாம். ஃபிலிமில் ஒன்றை மட்டும் அழிக்க வழியில்லை. ரோலை உருவச் சொன்னால், வெளியே நியாயமாக எடுத்த தேர்ப் படமும் சேர்ந்து போகும்.

முன்பணம் கேட்டால் முடிவு தெரிந்துகொள்ளுங்கள்

‘ரேர் பீஸ், இன்னிக்கே புக் பண்ணலன்னா போயிடும்’ என்று அவசரப்படுத்தி அட்வான்ஸ் கேட்பவரிடம், ரோல் இல்லாமல் ஷட்டர் ஓடுவதையும் லென்ஸில் டார்ச் அடிப்பதையும் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அத்தோடு விடுங்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறும். கடையில் ரசீதோடு வாங்கிய பொருளில் மோசடி என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

திருவிழாவுக்கு முன் ஒரு ரோல்

மார்கழித் திருவிழா பத்து நாள். மூன்றாம் திருவிழா இரவில் மக்கள்மார் சந்திப்பு, ஒன்பதாம் நாள் தேரோட்டம், பத்தாம் நாள் ஆருத்ரா தரிசனம். எதையும் உங்களுக்காக மறுபடி நடத்த மாட்டார்கள். நவராத்திரிக்கு முன்னுதித்த நங்கை அம்மன் திருவனந்தபுரம் புறப்படுவதும் வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

ஆகவே கார்த்திகை பிறக்கும்போதே ஒரு மலிவான ரோலைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும், ஒவ்வொரு அப்பர்ச்சரிலும், கிட்டத்திலும் தூரத்திலும், வெயிலிலும் விளக்கு வெளிச்சத்திலும் எடுங்கள். எந்தப் படத்துக்கு எந்த எண் என்று நோட்டில் குறியுங்கள். கழுவிப் பார்த்துக் கோளாறு தெரிந்தால் சரிசெய்ய நேரமிருக்கும். சோதனை ரோல் தேறாத கேமராவைத் தேரோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அன்று இரவல் டிஜிட்டலோ கையிலிருக்கும் செல்போனோ போதும். கேமரா இன்னும் வாங்கவில்லை என்றால், பின்மூடியைத் திறந்து காட்டாதவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள்.